பரணிலிருந்து இறக்கிய டெக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடை வைத்திருப்பவன் அல்ல. பழைய வீடியோ கேசட் டெக்குகளைப் பிரித்துப் பார்க்கும் பைத்தியம் பிடித்தவன், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் கொண்டுவரும் டெக்குகளில் பாதிக்குமேல் ஒரே மாதிரி நோயோடு வருவதால், ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இந்தப் பக்கம்.

எந்த டெக்கைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

அரை அங்குல நாடா ஓடும் வி.எச்.எஸ். டெக். ஆவணங்களில் வி.சி.ஆர்., வி.சி.பி. என்று இருக்கலாம். நம் வீடுகளில் பதிவு செய்வதும் டெக், படம் மட்டும் காட்டுவதும் டெக். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்த நேஷனல், அகாய், ஷார்ப், ஃபுனாய் எல்லாமே இதில் அடக்கம்.

1976இல் ஜப்பானில் ஜே.வி.சி. நிறுவனம் எச்.ஆர்.-3300 என்ற மாடலுடன் தொடங்கிய கதை இது. கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியது. ஆகவே புது டெக் இனி இல்லை. இருப்பதை ஓட வைத்தால்தான் உண்டு.

இருபது வருடம் பரணில் கிடந்தது. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பின்புறமும் பக்கவாட்டிலும் நான்கைந்து ஸ்க்ரூதான். உள்ளே காய்ந்த பல்லி, கரப்பான் முட்டை, எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பவர் சப்ளை பக்கம் கதகதப்பாக இருப்பதால் கரப்பானுக்கு அது சொர்க்கம். அதன் எச்சத்தில் ஈரம் பட்டால் மின்சாரம் கடத்தும். பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பின்புற லேபிளில் 100, 110 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ செய்தது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது சீரீஸ் லேம்ப், அதாவது மின்சாரம் வரும் வழியில் தொடராக ஒரு பல்பு, போட்டுக் கொடுப்பது நல்லது. எல்.இ.டி. உதவாது. பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல சகுனம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை உள்ள டெக்கில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்து அளந்து, இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பலகையில் கை வைக்க வேண்டும். மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். மெக்கானிசத்திலேயே நமக்கு வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

உள்ளே ஒரு கேசட் மாட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்து எடுக்கலாமா?

இழுத்தால் நாடாவும் போகும், கேசட்டை ஏற்றி இறக்கும் தட்டின் பல்சக்கரமும் போகும். பிளக்கைப் பிடுங்குங்கள். டிரம் என்பது படத்தை வாசிக்கும் சுழல் உருளை. நாடாவை அதைச் சுற்றி இழுத்து வைத்திருக்கும் இரண்டு கம்பங்கள் தெரியும். அவற்றை நகர்த்துவது லோடிங் மோட்டார். அதன் அச்சையோ பெல்ட் கப்பியையோ விரலால் மெதுவாகச் சுற்றினால் கம்பங்கள் கேசட்டுக்குள் திரும்பிப் போகும். பத்துச் சுற்று, இருபது சுற்று என்று ஆகாது. நூறு கூட ஆகலாம், பொறுமை வேண்டும். நடுவில் தொங்கும் நாடாவை ரீலைத் திருப்பிச் சுருட்டிக்கொண்டே போங்கள். கம்பங்கள் முழுதாக உள்ளே போன பிறகும் அதே திசையில் சுற்றிக்கொண்டிருந்தால் தட்டு மேலே வரும்.

கேசட் போட்டால் நாலைந்து நொடி ஓடிவிட்டு டெக் தானாக நின்றுவிடுகிறது. ஐ.சி. போய்விட்டதா?

எல்லாரும் முதலில் ஐ.சி. என்ற சிப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் குற்றவாளி ரப்பர். ஏன் என்று புரிய, நாடா எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாடாவை இழுப்பது ரீல் அல்ல. கேப்ஸ்டன் என்ற மெல்லிய இரும்புத் தண்டும், அதன்மேல் அழுந்தும் பிஞ்ச் ரோலர் என்ற ரப்பர் உருளையும் சேர்ந்து இழுக்கின்றன. நம் ஊர் டி.வி. முறையான பாலில் (PAL) வேகம் நொடிக்கு 23.39 மி.மீ. அப்படி வரும் நாடாவைச் சுருட்டிக்கொள்வது மட்டும்தான் வலப்பக்க ரீலின் வேலை. அந்த ரீலுக்குச் சக்தியைக் கொண்டுபோவது ஐட்லர் என்ற சின்னச் சக்கரம். பல பழைய மாடல்களில் அதன் விளிம்பில் ஒரு ரப்பர் டயர் இருக்கும். முன்னே ஓட்டும்போது ஒரு ரீல்மேலும், ரீவைண்ட் செய்யும்போது மற்ற ரீல்மேலும் சாய்ந்துகொள்ளும்.

அந்த டயர் வருடக்கணக்கில் காய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டால் வழுக்கும். கேப்ஸ்டன் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ரீல் சுருட்டாது. நாடா உள்ளே குவியும். இதைத்தான் 'டெக் கேசட்டைத் தின்னுகிறது' என்கிறோம். இது நடக்காமலிருக்க ரீலுக்கு அடியில் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். ரீல் சுற்றினால் துடிப்பு வரும். சில நொடிகள் துடிப்பு வரவில்லை என்றால் டெக்கின் மூளை எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆக, தானாக நிற்கும் டெக் உங்கள் நாடாவைக் காப்பாற்றத்தான் நிற்கிறது. அதற்குப் போய் ஐ.சி. மாற்றச் சொல்பவரிடம் இன்னொரு முறை கொடுக்காதீர்கள்.

வைத்தியம் எளிது. ஐட்லரைக் கழற்றி, டயரை உரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். காற்றும் உராய்வும் படாத உட்பக்கம் இன்னும் பிடிப்போடு இருக்கும். இது பழைய மெக்கானிக்குகளின் வித்தை. சில மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் சில வருடம் ஓடும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தும் ஒப்பேற்றலாம். நிரந்தரத் தீர்வு புது டயர்தான். அதே உள்விட்டமும் தடிமனும் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஹார்டுவேர் கடையில் கிடைத்தால் அதுவும் வேலை செய்யும், நான் செய்திருக்கிறேன்.

டயர் நன்றாக இருந்தும் நிற்கிறதா? அப்படியானால் டிரம் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றாலும் இதே போல நின்றுவிடும்.

பிஞ்ச் ரோலருக்கும் இதே வைத்தியமா?

இல்லை. அது துல்லியமான உருளை. உப்புத்தாளால் தேய்த்தால் கோணலாகிவிடும், நாடா மேலேயோ கீழேயோ ஏறி ஓரம் மடங்கும். நாடாவின் ஓரங்களில் ஒரு பக்கம் ஒலியும் மறுபக்கம் வேகக் கட்டுப்பாட்டுத் துடிப்பும் பதிந்திருக்கின்றன, போனால் திரும்பாது. சோப்புத்தண்ணீர் தொட்ட துணியால் பழுப்பு அழுக்கு போகும்வரை துடைத்து உலரவிடுங்கள். அதன்பிறகும் பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டால் மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட் அளவு எப்படிக் கண்டுபிடிப்பது? பழையது உருகிப் பசையாகிவிட்டது.

தார் மாதிரி ஒட்டும் அந்தப் பசையை முதலில் துடைத்தெடுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, வேட்டியில் பட்டால் போகவே போகாது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் கப்பியின் பள்ளத்தை உலோகம் பளிச்சிடும்வரை துடையுங்கள்.

பிறகு பெல்ட் போகும் வழியில் ஒரு நூலைச் சுற்றி நீளத்தை அளங்கள். அதில் சுமார் 5 சதவீதம் குறைத்தால் புது பெல்ட்டின் சுற்றளவு. பழைய பெல்ட் முழுசாக இருந்தாலும் அதன் நீளத்தை அப்படியே நம்பாதீர்கள், அது தொய்ந்த நீளம். சதுர பெல்ட்டா தட்டையா என்பதைக் கப்பியின் பள்ளமே சொல்லிவிடும். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து ரொம்பச் சிறியதைப் போட்டால் மோட்டாரின் புஷ், அதாவது அச்சைத் தாங்கும் வளையம், தேயும்.

பட்டனை அழுத்தினால் கர்கர் என்று சத்தம் போட்டுவிட்டு ஏதோ நினைத்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்ய?

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, கிரீஸ். தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் முப்பது வருடத்தில் மெழுகாக இறுகியிருக்கும். பழையதை முழுக்கத் துடைத்தெடுக்காமல் மேலே புதிதாகத் தடவுவதில் பயனில்லை. பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குச் சிலிகான் கிரீஸ், அதுவும் பல்லில் மெல்லிய படலம் போதும். கேப்ஸ்டன் புஷ்ஷுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விட்ட டெக் ஒன்று என்னிடம் வந்தது. திறந்தபோது எள்ளுருண்டைக் கடை மாதிரி ஒரு சிக்கு வாடை.

இரண்டாவது மோட் ஸ்விட்ச். மெக்கானிசம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கேசட் ஏறிவிட்டதா, நாடா சுற்றியாகிவிட்டதா என்று மூளைக்குச் சொல்லும் சின்ன வட்ட ஸ்விட்ச் அது. உள்ளே தகடு கறுத்துவிட்டால் தப்பான தகவல் போகும். டெக் குழம்பும். பாதி வழியில் நிற்கும், சில சமயம் கேசட்டை ஏற்கும்போதே துப்பிவிடும். பிரித்து, கறுப்பைத் துடைத்து, திரும்ப மூடினால் பல டெக்குகள் உயிர் பெறுகின்றன.

கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சிலும் பல்சக்கரங்களிலும் சின்னப் புள்ளியோ அம்போ துளையோ இருக்கும். அவை ஒன்றுக்கொன்று நேராகச் சேர வேண்டும். ஒரு பல் தவறினாலும் மோட்டார் முட்டி நின்று சக்கரம் உடையும். எனக்கு இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறையிலிருந்து மார்க்கர் பேனா இல்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை.

ஹெட்டைச் சுத்தம் செய்வது எப்படி? எங்கள் ஊரில் புது ரூபாய் நோட்டை வைத்துத் தேய்ப்பார்கள்.

தேய்த்தார்கள், உண்மைதான். புது நோட்டின் மொறமொறப்பில் அடைப்பு விட்டுவிடும். வாடகை டெக்குக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அந்தக் காகிதம் சொரசொரப்பானது, ஹெட்டையும் சேர்த்துத் தேய்க்கும். இன்று மாற்று ஹெட் தேடி அலைய வேண்டியிருக்கும்போது அந்தத் துணிச்சல் வேண்டாம்.

முதலில் எதைத் தொடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 62 மி.மீ. விட்டமுள்ள டிரம், பால் முறையில் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பில் எதிரெதிரே துளியூண்டு ஃபெரைட் துண்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். அவைதான் ஹெட். நாடாவில் அவை வாசிக்கும் ஒரு தடம் 49 மைக்ரான் அகலம், ஒரு தலைமுடி அளவுக்குத்தான் வரும். ஃபெரைட் கண்ணாடிபோல் உடையும். காது குடையும் பட்ஸை மேலும் கீழும் ஆட்டினால் ஒரு இழுப்பில் ஹெட் போய்விடும்.

சரியான முறை: வெள்ளைக் காகிதத் துண்டில் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் விரலால் லேசாக ஒட்டிப் பிடியுங்கள், காகிதம் அசையக் கூடாது. மறு கையால் டிரம்மின் மேல்பாகத்தை மெதுவாகச் சுற்றுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை புதுப் புதுக் காகிதம். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், இரண்டும் வேண்டாம்.

சுத்தம் செய்தும் படம் பனி கொட்டுகிறது. ஹெட் தேய்ந்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். ஒலி நன்றாகக் கேட்டு, படம் மட்டும் முழுக்கப் பனி என்றால் அடைப்புதான் முதல் சந்தேகம். இன்னும் இரண்டு முறை துடைத்துப் பாருங்கள். படம் பாதி தெரிந்து மின்னினால் இரண்டில் ஒரு ஹெட் மட்டும் அடைத்திருக்கிறது. படத்தின் மேல்பகுதியில் மட்டும் கோடு நின்றால் நாடா டிரம்முக்குள் நுழையும் பக்கத்துக் கம்பம், கீழ்ப்பகுதியில் என்றால் வெளியேறும் பக்கத்துக் கம்பம் உயரம் மாறியிருக்கிறது. முந்தைய மெக்கானிக் யாரோ திருகியிருப்பார். எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பும் முன் அடையாளம் போடுங்கள். அதற்கும் முன், ஹெட்டைத் தடத்தோடு சேர்க்கும் டிராக்கிங் குமிழைத் திருப்பிப் பார்த்தீர்களா?

ஹெட் உண்மையாகவே போயிருந்தால் டிரம்மின் மேல்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். அதன் கம்பி நிறமும் நோக்குநிலையும் மாறாமல் பொருத்த வேண்டும். 180 டிகிரி மாற்றிப் போட்டால் இரண்டு ஹெட்டும் ஒன்றின் தடத்தை மற்றது வாசிக்கும், படமே வராது.

மின்சாரமே வரவில்லை.

ஃபியூஸ் சரியாக இருந்தால், பவர் சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். தலை உப்பியது, அடியில் கசிந்தது எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாமல் உலர்ந்துபோனதைக் கண்டுபிடிக்க, கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் வேண்டும். 105 டிகிரி தாங்கும் ரகமாக வாங்குங்கள். வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், துருவம் மாறக் கூடாது. கடையில் பதினைந்து வருடமாகத் தூங்கும் 'பழைய ஸ்டாக்' கெப்பாசிட்டர் உங்கள் டெக்கில் இருப்பதைப் போலவே கிழடு.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

இதுதான் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கெப்பாசிட்டர், பெல்ட், ஆல்கஹால், கிரீஸ், ஃபியூஸ் போன்றவை இன்றும் புதிதாகவே விற்கின்றன. சென்னை ரிட்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் என்று எந்த எலக்ட்ரானிக்ஸ் சந்தையிலும் கிடைக்கும். ரிட்சி தெருவில் 'டெக் பெல்ட்' என்று கேட்டால் இளைஞர்கள் முழிப்பார்கள். கல்லாவில் இருக்கும் பெரியவரைக் கேளுங்கள், அவர் உள்ளறையில் ஒரு டப்பாவைத் துழாவுவார்.

பிஞ்ச் ரோலர், ஐட்லர், மோட் ஸ்விட்ச் போன்றவை வேறு ரகம். இவற்றுக்கு மாடல் பெயரைச் சொல்லித் தேடுவதைவிடப் பாக எண்ணைச் சொல்லித் தேடுவது மேல். நேஷனல் பானசோனிக் என்றால் பெல்ட்டுக்கு வி.டி.வி., ஐட்லருக்கு வி.எக்ஸ்.பி., ஹெட் டிரம்முக்கு வி.இ.எச். என்று எண் தொடங்கும். சர்வீஸ் மேனுவலின் விரிபடத்தில் எல்லா எண்ணும் இருக்கும். ஒரே மெக்கானிசம் பல பெயர்களில் விற்கப்பட்டது. பிரிட்டனில் ஃபெர்குசன் விடியோஸ்டார் என்று விற்றது ஜே.வி.சி. செய்த டெக்தான். ஆகவே முகப்பில் உள்ள பெயரைப் பார்த்து 'இது கிடைக்காது' என்று கைவிடாதீர்கள். மூடியைக் கழற்றி மெக்கானிசத்தின் முகத்தைப் பாருங்கள்.

ஹெட், பாகங்களை நகர்த்தும் பிளாஸ்டிக் கேம் சக்கரம், கேசட் தட்டு, முகப்புக் கதவு, இவற்றுக்கு ஒரே வழி இன்னொரு செத்த டெக். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பழைய இரும்புக் கடை, மூடிப்போன வீடியோ லைப்ரரி உரிமையாளரின் மாடி. 'ஓடுமா?' என்று கேட்காதீர்கள், கேட்டால் விலை ஏறும். எடை போட்டுத் தரும் நிலையில் இருப்பதை வாங்குங்கள். பவர் செத்த டெக்கின் ஹெட் பல சமயம் நல்ல நிலையில் இருக்கும், வாடகைக்கு ஓடித் தேய்ந்த டெக்கில் பல்சக்கரமாவது மிஞ்சும். நான் வீட்டு டெக் ஒன்றுக்கு இரண்டு செத்த டெக் வைத்திருக்கிறேன். வீட்டில் இதுபற்றிப் பேச்சு எழும்போது நான் மாடிக்குப் போய்விடுவேன்.

உடைந்த பல்சக்கரத்தை இப்போது முப்பரிமாண அச்சில் அடித்துத் தருகிறார்கள். கேசட் தட்டின் சக்கரத்துக்குப் போதும். நாடா பாதையில் வரும் எதற்கும் நான் அதை நம்பமாட்டேன்.

கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய கல்யாண கேசட் எங்கள் டெக்கில் சரியாக வரவில்லை. டெக்கில் கோளாறா?

டெக் சரிதான், கேசட் வேறு டி.வி. முறையில் பதிந்தது. கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி., 525 வரி. இந்தியா, இலங்கை, பிரிட்டன் பால், 625 வரி. பிரான்ஸ் சேகம். பால் மட்டும் தெரிந்த டெக்கில் கனடா கேசட் வேகம் மாறி, படம் உருண்டு, கிழிந்து வரும். டொரன்டோ, பாரிஸ், லண்டன், யாழ்ப்பாணம் என்று சிதறிய குடும்பங்களின் பெட்டியில் மூன்று முறையும் கலந்தே கிடக்கும். கேசட் ஓட்டின் வடிவம் ஒன்றே, அதனால் பார்த்துத் தெரியாது. உறையில் 'டி-120' என்று இருந்தால் என்.டி.எஸ்.சி. ஊர்களுக்கு விற்றது, 'இ-180' என்றால் பால், சேகம் ஊர்களுக்கு. இதற்கு எல்லா முறைகளையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் ஒன்று தேடுங்கள். பானசோனிக் என்.வி.-டபிள்யூ1 முறையை மாற்றியே வெளியே தரும், ஆனால் விலை கையைக் கடிக்கும்.

நாடாவில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது.

பூஞ்சை. கடலோர ஊர்களில் சகஜம். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின்மேல் வெள்ளை நூல் தெரியும். அதை நல்ல டெக்கில் போட்டால் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேசட்டைச் சில நாள் சிலிகா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் உலரவிட்டு, ஹெட் செத்த ஒரு டெக்கில் முன்னும் பின்னும் சுருட்டுங்கள். சுருட்டும்போது நாடா ஓரத்தில் மெல்லிய பஞ்சில்லாத துணி படட்டும்.

பீட்டா டெக் இருக்கிறது. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பீட்டா என்பது வி.எச்.எஸ்.ஸோடு போட்டியிட்ட சோனியின் முறை. ரப்பர், கிரீஸ், கெப்பாசிட்டர் எல்லாம் பொருந்தும். நாடா சுற்றும் பாதை வேறு, கேசட்டும் சிறியது. சோனி 2016 மார்ச் வரை பீட்டா கேசட்டே விற்றுக்கொண்டிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. உதிரிக்கு இங்கே வழி குறைவு, வெளிநாட்டில்தான் தேட வேண்டும்.

எல்லாம் முடிந்தது. கல்யாண கேசட்டை எப்போது போடலாம்?

இன்றைக்கு இல்லை. முதலில் போனால் போகட்டும் என்ற பழைய படக் கேசட் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள், மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு. நாடா கம்பங்களில் ஏறி இறங்காமல் போகிறதா, ஓரம் சுருங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நாலைந்து முறை ரீவைண்ட், எஜெக்ட். மறுநாள் இன்னொரு கேசட். இரண்டும் தப்பினால் கல்யாண கேசட்டை முதலில் கடைசிவரை சுருட்டித் திரும்ப ரீவைண்ட் செய்யுங்கள், வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் விட்டுக்கொடுக்கும். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பிடித்துவிடுங்கள், மறு ஓட்டம் கிடைக்கும் என்று எந்த நாடாவும் எழுதித் தரவில்லை.

போடும் முன் கேசட்டின் முதுகில், லேபிள் ஒட்டும் பக்கத்து ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுங்கள், அதன்பிறகு பதிவு பட்டன் வேலை செய்யாது, தவறி எதுவும் மேலே பதியாது. எங்கள் வீட்டுக் கேசட்டில் அது உடைக்கப்படவில்லை. தாலி கட்டும் இடத்திலிருந்து பதினோரு நிமிடம் வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி ஓடுகிறது.